காற்றைப் பிடித்த கைகள்

கேமரன் மலைக்குப் பெரும்பாலும் குளிரைத் தேடித்தான் போகிறோம். ஸ்ட்ராபெரித் தோட்டம், காய்கறிச் சந்தை, ஒரு கோப்பைத் தேநீர், நாலைந்து படங்கள், பிறகு இறக்கம். இந்த முறை நான் கடலிலிருந்து நேராக மலையேறினேன். லுமுட்டில் நண்பரின் பாய்மரப் படகில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஈப்போ வந்து, சிம்பாங் பூலாய் சாலை வழியாகப் பிரிஞ்சாங் போய்ச் சேர்ந்தேன். படகில் கற்றுக்கொண்ட பாடம் தேயிலை நிரைகளுக்கு நடுவே இப்படிப் பயன்படும் என்று எதிர்பார்க்கவில்லை.

பாய்மரப் படகு என்றதும், பாயை விரித்துவிட்டால் மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்று தோன்றும். உண்மையில் ஐந்து நிமிடம்கூடக் கை சும்மா இருக்க முடியாது. பெரிய பாயின் அடிவிளிம்பை ‘பூம்’ என்ற நீண்ட கட்டை தாங்குகிறது. அதன் ஒரு முனை பாய்மரத்தோடு கீல் போலப் பொருந்தியிருக்கும். மறுமுனை கதவு போல இரு பக்கமும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஒரே ஒரு கயிறு. நம் பழைய கப்பல்காரர்கள் அதைத் தாமான் என்றார்கள். பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். இரண்டும் தமிழ் அகராதிகளில் இருக்கும் சொற்கள்தான். நாம்தான் அவற்றைக் கரையில் விட்டுவிட்டோம்.

தாமானை இழுத்தால் பூம் படகின் நடுவுக்கு வரும். தளர்த்தினால் வெளியே போகும். எவ்வளவு இழுப்பது? நண்பர் சொன்ன விதி எளிமையானது. பாயின் முன்விளிம்பு படபடக்கும்வரை கயிற்றை விடு, படபடப்பு நிற்கும்வரை இழு, அதற்குமேல் இழுக்காதே. அதிகம் இழுத்தால் வேகம் கூடும் என்று மனம் சொல்லும். ஆனால் படகு சாயும், வேகம் குறையும். பலத்துக்கு இங்கே அதிக வேலையில்லை. நான்கு மடிப்பாகக் கப்பிகளில் ஓடும் கயிற்றில், 100 கிலோ இழுப்பை, உராய்வைக் கழித்துவிட்டால், 25 கிலோ விசையில் தாங்கிவிடலாம். அதற்கு விலை, ஒரு மீட்டர் பாயை நகர்த்த நான்கு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும்.

ஆபத்து பின்னாலிருந்து வரும் காற்றில்தான். படகின் முகம் கொஞ்சம் திரும்பினாலும், காற்று பாயின் மறுபக்கத்தைப் பிடித்து பூமை ஒரே வீச்சில் இந்தப் பக்கம் தள்ளிவிடும். நடுவே ஒரு தலை இருந்தால் அவ்வளவுதான். அதனால் திருப்புவதற்கு முன்பே பூமை நடுவுக்கு இழுத்து, காற்று பக்கம் மாறியதும் மெல்ல விடுகிறார்கள். மலாக்கா நீரிணையில் ‘சுமத்ரா’ என்ற திடீர்ப் புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன் தென்மேற்கிலிருந்து பாயும். மேகம் கறுக்கும்போதே பாயைச் சுருக்கிவிட வேண்டும். காற்று வந்தபின் சுருக்க நினைப்பது, வீடு நனைந்தபின் கூரை வேய்வது.

இந்தப் பாடத்தோடு சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போனேன். ஆங்கிலேயர் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களில் இது ஒன்று. சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறுவதற்குள் பள்ளத்தாக்கில் மூடுபனி கலையும் காட்சியும் கிடைக்கும், கொழுந்து எடுப்பவர்களையும் பார்க்கலாம்.

இப்போது விரலால் கிள்ளுவது இங்கே அரிது. செங்குத்தான சரிவுகளில் பெட்டி பொருத்திய கத்தரியால் வெட்டுகிறார்கள். சரிவு குறைந்த இடங்களில் இருவர் பிடிக்கும் இயந்திரம். நிரையின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவர் நிற்க, செடிகளின் தலைக்கு மேல் வளைந்த வெட்டுத் தண்டு நகர்கிறது. ஊதுகுழாயிலிருந்து வரும் காற்று, வெட்டிய கொழுந்தைப் பின்னால் உள்ள நீண்ட பைக்குள் தள்ளுகிறது. காற்று நிரம்பியதும் அந்தப் பை பாய் போலப் புடைக்கிறது. அந்த இடத்தில் என் கால் நின்றுவிட்டது.

தண்டுதான் பூம். பைதான் பாய். தாமான் மட்டும் இல்லை. அதன் வேலையை நான்கு கைகள் செய்கின்றன. தண்டு கொஞ்சம் தாழ்ந்தால் முற்றிய இலையும் தண்டும் சேர்ந்து வந்து தேயிலையின் தரம் கெடும், செடிக்கும் கேடு. கொஞ்சம் உயர்ந்தால் கொழுந்து செடியிலேயே நின்றுவிடும். ஒருவர் மேட்டில், ஒருவர் பள்ளத்தில். இருவர் கால்களும் வேறு உயரத்தில் இருந்தாலும் தண்டு சமமாகவே போக வேண்டும். பை நிறைய நிறைய எடை பின்னால் இழுக்கும். மூன்றாவது ஆள் அதன் வாலைத் தூக்கிப் பிடித்து, செடியில் சிக்காமல் பார்த்துக்கொள்கிறார்.

தோட்டத்திலேயே பிறந்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா கடையோரம் அமர்ந்திருந்தார். “மெஷினைப் பிடிக்கிறது கஷ்டமா அம்மா?” என்று கேட்டேன். “பிடிக்கிறது கஷ்டமில்ல தம்பி. எப்ப கைய விட்டுக் குடுக்கணும்னு தெரியணும். ரெண்டு பேரும் இழுத்தா தண்டு கோணிக்கும்” என்றார். கடலையே பார்க்காமல் என் நண்பரின் விதியைச் சொல்லி முடித்துவிட்டார்.

இந்த வேலைக்குச் சட்டம் வைத்த பெயர் வேறு. இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், விவசாய வேலையையும் ‘திறன் சாராத வேலை’ என்ற கணக்கில்தான் சேர்த்தது. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ போன்ற நீராவிக் கப்பல்களில் ஏறி, பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்கு வந்த நம் தாத்தா பாட்டிகள், காகிதத்தில் திறனற்றவர்கள். 1938-இல் கூலிக் குறைப்புப் பிரச்சினையை ஒட்டி, அந்த வகைத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியபோதும் அதே சொல்தான்.

அதே 1938-இல் இன்னொன்றும் நடந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் தமிழ்க் கைவினைஞர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கியிருந்தார். கப்பலுக்குப் புதுப் பெயரும் வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து, ஆகஸ்டில் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. கடலோடிய அந்தக் கைகளின் திறனை ஊரே வியந்து பார்த்தது. அதே மொழி பேசிய மலைக் கைகள் மட்டும் திறனற்றவை என்ற பட்டியலிலேயே கிடந்தன. பாய்க்கயிறு பிடித்தவருக்கும் கொழுந்து எடுத்தவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான். இழுவையைக் கையால் அளக்கவும், விட வேண்டிய நேரத்தில் விடவும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று நிரைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் பலர் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். அது மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பழைய சொல் இறங்கவில்லை. புதிதாக வந்தவர்களின் தோளில் ஏறி அமர்ந்திருக்கிறது.

அடுத்த முறை சுங்கை பாலாஸ் போனால், பள்ளத்தாக்கைப் பார்த்து நீட்டியிருக்கும் அந்த மேடையில் படம் எடுத்த பிறகு, பத்து நிமிடம் கீழே பாருங்கள். இயந்திரம் நிரையின் கடைசிக்கு வந்து திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். மேட்டில் நிற்பவர் தன் கையைத் தாழ்த்துவார், பள்ளத்தில் நிற்பவர் உயர்த்துவார். வாலைப் பிடித்தவர், யாரும் சொல்லாமலே, பையை அந்தப் பக்கம் சுற்றி எடுத்துப் போவார். பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டிக்குத் தெரிந்திருந்த வேலை அது.