அப்பிச்சி காருக்கு ஒரு குளியல்

சேலத்திலிருந்து கோவை போகிறவர்களுக்குப் பெருந்துறை என்பது ஒரு பச்சைப் பலகைதான். பாலத்தின் மேல் ஏறி இறங்குவதற்குள் ஊர் முடிந்துவிடும். கீழே இறங்கிப் பழைய ரோட்டில் போனால்தான் ஊர் தெரியும். சானடோரியம் ஸ்டாப், வேப்பமரங்கள், சிப்காட்டுக்குத் திரும்பும் லாரிகள், அந்த லாரிகளை நம்பிப் பிழைக்கிற பஞ்சர் கடை, பாடி கட்டும் ஷெட், எலெக்ட்ரீஷியன், டீக்கடை. காசநோய்க்காரர்கள் உலர்ந்த காற்றுக்காக வந்து தங்கிய ஊர் இது. இப்போது அந்த வளாகத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காற்றில் டீசல் வாசம்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. அம்மா வீட்டு ஷெட்டில் நிற்கும் அப்பிச்சியின் அம்பாசிடருக்காக. 1985 மாடல், பெட்ரோல். 2025 நவம்பரோடு ரிஜிஸ்ட்ரேஷன் முடிகிறது. முதல் 15 வருடத்துக்கு அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்பிச்சி இருந்தவரை அவரே போய் வந்துவிடுவார். இந்தத் தடவை அவர் இல்லை. முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. இப்போது 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000.

"பழைய இரும்புக்குப் போட்டாக் காசு வரும்க்கா. இதுக்குக் காசு கட்டோணுமா?" என்றான் தம்பி. அவன் சொல்வதில் தப்பில்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. ஷெட்டுக்குப் போய், கார் மேல் கிடந்த கோழி எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பணம் மட்டும் பிரச்னை இல்லை. புதுப்பிக்கப் போனால் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். இன்ஜின் நம்பர் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் காரில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அங்குலத்துக்கு ஆயிலும் மண்ணும் சேர்ந்து களிபோல் உறைந்திருந்தது. இந்தப் பக்கம் பல அம்பாசிடர்களுக்கு பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் போட்டார்கள். இன்ஜினுக்கு இன்ஜின் மாற்றியதும் உண்டு. அப்பிச்சி அப்படி ஏதாவது செய்து, புக்கில் ஏற்றாமல் விட்டிருந்தால்? கேட்க ஆள் இல்லை.

சுத்தம் செய்வதில் எங்களுக்கு ஒரு சூடு ஏற்கெனவே உண்டு. போன வருடம் தம்பி ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டான். அவர்கள் பானெட்டைத் திறந்து பைப்பை நேராகப் பிடித்துவிட்டார்கள். பளபளவென்று வந்த வண்டி, விஜயமங்கலம் டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருமி இருமி நின்றுபோனது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தண்ணீர். அன்று தள்ளியது நானும் அம்மாவும்.

அதனால் இந்த முறை அப்பிச்சிக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் அண்ணனிடமே போனோம். சானடோரியம் தாண்டி ஒரு தகர ஷெட். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. எங்களுக்காகத் திறந்திருந்தார். போனதும் பானெட்டைத் தூக்குவார் என்று பார்த்தால், டீ சொல்லி உட்காரவைத்தார்.

"இன்ஜின் ஆறோணுமுங்க அம்மிணி. சூட்டுல தண்ணி பட்டா இரும்பு விண்டு போயிரும். சீமெண்ணெய் பட்டாப் பத்திக்கும். கைய வெச்சாக் கை நிக்கோணும், அப்பத்தான் ஆரம்பிக்கிறது."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பித்தார். முதலில் பேட்டரியின் எர்த் ஒயர். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ என்று ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் பையைப் போட்டு ரப்பர் பேண்ட். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் துணி அடைப்பு. சின்ன விசேஷத்துக்குத் தலைக்கட்டு கட்டுவது மாதிரி ஒவ்வொன்றாகக் கட்டினார். வேலையில் பாதி இதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. கீழே ஒரு பெரிய தகரத் தட்டு, அதில் மரத்தூள்.

கெட்டிப்பட்ட களியை முதலில் சுரண்டினார். இரும்புக் கரண்டியால் அல்ல, மூங்கில் சிம்பால். பிறகு பெயின்ட் பிரஷ்ஷால் கொஞ்சமாகச் சீமெண்ணெய் தடவி ஊறவிட்டார். நிறையப் பேர் டீசலை ஏர் கன்னில் வைத்து அடித்து விடுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் டீசலின் பிசுக்கு போகாது, நாலு நாளில் ரோட்டுப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டும், ரப்பர் ஹோஸ் ஊதி இளகிவிடும். சீமெண்ணெயையும் அவர் ஹோஸ் பக்கம் கொண்டு போகவில்லை. அங்கெல்லாம் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல், பழைய டூத் பிரஷ். கழுவியது குவளையில் மொண்டு ஊற்றித்தான். துடைக்க திருப்பூர் பனியன் வேஸ்ட். நம் பக்கத்துப் பட்டறைகளுக்கு அது ஒரு வரம். வெளியூரில் வேலை செய்யும் மெக்கானிக்குகள் ஊருக்கு வந்தால் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்களாம்.

அந்தத் தட்டும் மரத்தூளும் எதற்கு என்று கேட்டேன். "போர்த் தண்ணிதானுங்க குடிக்கிறோம்" என்றார், அவ்வளவுதான். பெருந்துறைக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றி அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. சிப்காட் சாயக் கழிவு நிலத்தடியில் இறங்கியதாகச் சுற்றியுள்ள கிராமங்கள் வருடக்கணக்காகப் போராடி வருகின்றன. 2015-ல் கோகோ கோலா ஆலைக்கு இங்கே ஒதுக்கிய நிலத்தை, எதிர்ப்புக்குப் பிறகு ரத்து செய்தார்கள். ஊறிய மரத்தூளை அவர் பழைய ஆயில் டின்னில் அள்ளி வைத்ததைப் பார்த்துத் தம்பியும் வாயை மூடிக்கொண்டான்.

பதினோரு மணி வாக்கில் பிளாக்கின் மேல் சின்னத் தகடு ஒன்று தெரிந்தது. அண்ணன் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். எழுத்து எழுத்தாகத் துடைத்தேன். அம்மா ஆர்.சி. புக்கைப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். நான் "ம்" சொன்னேன். கடைசி எண்ணுக்கும் "ம்". அதே இன்ஜின்தான். அம்மா புக்கை மடித்துவிட்டு, "எங்கய்யன் அப்பிடியெல்லாம் பண்றவரில்ல" என்றார், யாரும் எதுவும் சொல்லாமலே.

அதற்கப்புறம் காய வைப்பது. கம்ப்ரஸர் காற்றால் பிளக் குழிகளையும் ஒயர் முனைகளையும் ஊதினார். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்ததை வெந்நீரில் சோடா உப்பு கலந்து ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு போனது. மேலே வாசலின். மெருகு போட எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். எஸ்.யூ. கார்புரேட்டரின் அலுமினியக் குடுவை. பிராஸோவும் பனியன் துணியும். அரை மணி நேரம் தேய்த்ததில் என் முகம் தெரிந்தது. "உப்புத்தாள் போட்றாதீங்க, உள்பக்கம் கையே வெக்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். உள்ளே பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும் இடம், ஒரு கீறல் போதுமாம். மூடியைத் திறந்து பார்த்தால் குடுவைக்குள் ஊற்ற வேண்டிய ஆயில் ஒரு சொட்டு இல்லை. காலால் மிதித்தால் வண்டி தயங்கித் தயங்கிக் கிளம்பியதன் காரணம் அதுதான்.

அழுக்கு போனதில் இன்னொன்றும் தெரிந்தது. மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு டேப்பெட் மூடிகள் உண்டு. பின்பக்க மூடியின் ஓரத்தில் புது ஆயில் கசிந்தது. கார்க் பாக்கிங் செத்துவிட்டது. இத்தனை வருடமாக மேல் கவரில்தான் ஒழுகுகிறது என்று அதையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பாக்கிங் மாற்றிய அடுத்த ஞாயிறு, சோதனை ஓட்டமாகக் கோவைக்கே கிளம்பினோம். சுமார் 80 கிலோமீட்டர். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விஜயமங்கலம் டோல்கேட் வந்தபோது மூவரும் பேசவில்லை. தாண்டியதும் அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்தார். செங்கப்பள்ளி, அவிநாசி, கருமத்தம்பட்டி. கோல்டுவின்ஸில் புதுப் பாலம் தொடங்குகிறது. 10 கிலோமீட்டர் நீளம், அக்டோபரில்தான் திறந்தார்கள், ஜி.டி.நாயுடு பெயர். நாங்கள் மேலே ஏறாமல் கீழேயே போனோம். ஜி.டி. கார் அருங்காட்சியகம் கீழேதானே இருக்கிறது!

2015-ல் திறந்த இந்த இடத்தைக் குழந்தைகளோடு போய்ப் பார்க்கலாம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, தானே ஓட்டித் தொழில் தொடங்கியவர் நாயுடு. அந்த ஊரில் கார்களுக்கு ஒரு வீடு இருப்பது பொருத்தம்தான். நான் அதிக நேரம் நின்றது 1886 பென்ஸின் மாதிரி வண்டி முன்னால். மூன்று சக்கரம், ஒற்றை சிலிண்டர், ஒரு குதிரைத் திறன்கூடக் கிடையாது. பானெட்டே இல்லை. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் திறந்து கிடக்கிறது. மறைத்து வைக்க மூடி இல்லாததால் துடைக்காமல் தப்பிக்க முடியாது. மற்ற கார்களின் பளபளப்பைப் பார்த்த அம்மா, "இத்தனையும் யாரு தொடைக்கிறாங்களோ" என்று கவலைப்பட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. தகட்டைப் பார்த்தார்கள், புக்கைப் பார்த்தார்கள். அடுத்த தேதி 2030. பணத்தில் பாதியைத் தம்பி கட்டினான், கேட்காமலே.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் களிக்குள் புதைந்து ஒரு ரிங் ஸ்பேனர் கிடைத்தது. 7/16 - 1/2 இஞ்ச். அம்பாசிடர் நட்டெல்லாம் இஞ்ச் கணக்கு, இப்போதைய மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராது. அது காணாமல் போனதற்காக அப்பிச்சி என் சின்ன மாமாவை ஒரு வாரம் திட்டினார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்று சாயங்காலமே அம்மா போன் போட்டார். மாமாவுக்கு இப்போது 61 வயது.

ஸ்பீக்கரில் குரல் உடைந்து வந்தது. "நான் எடுக்கலீன்னு அன்னிக்கே சொன்னனல்லக்கா!"