அழிந்து எழுந்த பாசிக்குடா

கடல் என்றாலே நம் பெண்களுக்குத் தூரத்தில் நின்று பார்க்கும் காட்சிதான். அலை வந்து காலை நனைத்தால் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக் கொள்வோம். ஆனால் பிள்ளைகளோடு நாமும் இறங்கி, வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவைத் தாண்டாத கடல் ஒன்று உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் பாசிக்குடாதான் அது.

காத்தான்குடியில் எங்கள் மாமி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவே நெருக்கமாக வீடுகள். வடக்கிலிருந்து தெற்காக 50 கிலோ மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்தக் களப்புதான் மட்டக்களப்புக்குப் பெயரும் சோறும் கொடுத்தது. நிலா இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தண்ணீருக்குள்ளிருந்து இசை போல் ஓர் ஒலி கேட்கும் என்பார்கள். அதனால்தான் இதற்குப் 'பாடும் மீன்களின் நாடு' என்று பெயர்.

"பாசிக்குடாவைப் பார்க்காமல் ஊருக்குப் போகக்கூடாது" என்றார் மாமி. சுபுஹு தொழுதுவிட்டு வேனில் கிளம்பினோம். ஏறாவூர், வாழைச்சேனை வழியாகக் கல்குடாவை அடைந்தபோது வெயில் ஏறியிருக்கவில்லை.

முதல் வளர்ச்சி

கல்குடாவும் பாசிக்குடாவும் பக்கத்துப் பக்கத்துக் குடாக்கள். பாசி படர்ந்த குடா என்பதால் பாசிக்குடா. வெளியே பவளப்பாறைகள் அலையைத் தடுப்பதால் உள்ளே தண்ணீர் குளம் போல் அமைதியாக இருக்கிறது. கொழும்பு - மட்டக்களப்பு ரயில் பாதையில் கல்குடாவுக்கும் ஒரு நிலையம் உண்டு. கடலும் ரயிலும் சேர்ந்ததும் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். 1970-களில் இம்பீரியல் ஓஷானிக், சன் அண்ட் ஃபன் போன்ற ஹோட்டல்கள் இங்கே பேர் பெற்று விளங்கின.

மாமி அப்போது சிறுமி. "உம்மம்மா சோறு பொதி கட்டிக்கொண்டு எங்களையெல்லாம் பஸ்ஸில் கூட்டி வருவா. வெள்ளைக்காரர் ஒரு பக்கம் குளிப்பார்கள், நாங்கள் ஒரு பக்கம். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை" என்றார்.

வெறிச்சோடிய ஆண்டுகள்

1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, உயிர்ச்சேதம் ஆயிரத்தை நெருங்கியது. அதிலிருந்து மீண்டு வருவதற்குள் 1983-ல் போர் வந்துவிட்டது. ஹோட்டல்கள் இடிந்து, கடற்கரை ஆளற்றுப் போனது.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களும் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. பக்கத்து ஊருக்குப் போகவே அஞ்சிய காலத்தில் கடல் பார்க்க யார் போவார்கள்? மாமியின் பிள்ளைகள் பாசிக்குடாவைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி, எஞ்சியிருந்த நம்பிக்கையையும் கரைத்தது.

மீண்டும் ஹோட்டல்கள்

2009-ல் போர் முடிந்தது. அரசு இந்தக் கரையை உல்லாசப் பயண வலயமாக்கியது. 2011 முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. வேலைகள் வந்தன, சாலைகள் வந்தன. ஆனால் மீனவர்களின் தோணிகள் நிற்கும் இடம் சுருங்கியது. வளைகுடாவின் பெரும்பகுதியை ஹோட்டல்கள் எடுத்துக்கொள்ள, ஊர் மக்கள் குளிக்கும் இடம் ஒரு முனைக்கு ஒதுங்கியது.

நாங்கள் இறங்கியதும் அங்கேதான். நீண்ட உடையும் முக்காடுமாக நம் பெண்கள் ஒருபுறம். பிள்ளைகளோடு தமிழ், சிங்களக் குடும்பங்கள் மறுபுறம். மாமி தன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போனார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் உம்மம்மாவின் கையைப் பிடித்து அவர் நடந்த அதே மணல்!

கரையில் இறால் வடை சுட்டுக்கொண்டிருந்த ஒரு தமிழ்ச் சகோதரியிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

"2019-ல குண்டு வெடிச்ச பிறகு வெள்ளைக்காரர் ஒருத்தரும் வரல்ல. பிறகு கொரோனா, அதுக்குப் பிறகு எண்ணெயும் இல்ல, கேஸும் இல்ல. ஹோட்டல் பூட்டிக் கிடந்த நேரமும் பெருநாளுக்கு, லீவுக்கு எங்கட சனம் வந்தது. அதாலதான் இந்தச் சட்டி காயாமக் கிடக்கு" என்றார்.

2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் பலியானதை யாரால் மறக்க முடியும்? அதைச் செய்தவர்களோடு எந்த உறவும் இல்லாத குடும்பங்களும் சந்தேகப் பார்வையைச் சுமந்தன. அந்தச் சகோதரியின் சட்டியைச் சுற்றி அன்று நின்றவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். வடையோடு பேச்சும் பரிமாறப்பட்டது.

அந்நியச் செலாவணி தேவைதான். ஆனால் வெளிநாட்டார் வருவார்கள், போவார்கள். கெட்ட நாளிலும் கடற்கரையைக் கைவிடாதவர்கள் ஊர் மக்கள்தான். அவர்களுக்கும் மீனவர்களுக்கும் உரிய கரையை விட்டுவைத்து வளர்வதுதான் நிலைக்கும் வளர்ச்சி.

சகோதரிகளே, போவதானால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போங்கள். அப்போதுதான் கடல் அமைதியாக இருக்கும். ஆழம் குறைவுதானே என்று பிள்ளைகளைத் தனியே விட்டுவிடாதீர்கள். கையில் சோறு பொதி இருந்தாலும் கரையில் சட்டி வைத்திருக்கும் பெண்ணிடம் இரண்டு வடை வாங்குங்கள். இன்ஷா அல்லாஹ், மாமியின் பேத்தியும் ஒருநாள் தன் பேத்தியோடு அந்தத் தண்ணீரில் நடக்கட்டும்.