வாய்விட்டுச் சிந்தித்தல்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. என் பழைய மாணவி ஒருத்தி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தாள். பொறியியல் பயின்றவள், தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பெரிய மென்பொருள் நிறுவனமொன்றின் நேர்காணலுக்குச் சென்று வாய்ப்பின்றித் திரும்பியிருந்தாள்.

“வழிமுறை எனக்குத் தெரிந்ததுதான் ஐயா. ஆனாலும் தேர்ந்தெடுக்கவில்லை” என்றாள்.

நடந்ததைக் கேட்டேன். வரிசைப்படுத்தப்பட்ட பட்டியலில் ஒரு பெயரைத் தேடும் நிரலை எழுதச் சொல்லியிருக்கின்றனர். எழுதும்போதே சிந்திப்பதை வாய்விட்டுச் சொல்லுமாறும் கேட்டிருக்கின்றனர். இவளோ தலை நிமிராமல், ஒரு சொல்லும் பேசாமல் எழுதி முடித்திருக்கிறாள். நிரலில் ஒரு பிழை இருந்தது. விடையை மட்டுமன்று, அதை அடையும் வழியையும் பிழையைத் திருத்தும் திறத்தையும் காண விரும்பியவர்களுக்கு அவளுடைய மௌனமே எஞ்சியது.

அந்த மௌனம் எனக்குப் புதிதன்று. “விடை தெரிந்தவர் மட்டும் எழுந்து நில்லுங்கள், மற்றவர் வாய் திறவாதீர்கள்” என்று பல்லாண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான்.

உள்ளே சென்று தமிழ் அகராதியை எடுத்து வந்தேன். “எனக்கு நிரல் எழுதத் தெரியாதம்மா. இதில் ‘நேர்மை’ என்னும் சொல்லை எவ்வாறு தேடுவாய்? உரக்கச் சொல்.”

“நடுப்பக்கத்தைத் திறப்பேன் ஐயா. அங்குள்ள சொல் அகரவரிசையில் இதற்கு முந்தியதானால் முதற்பாதியை விட்டுவிடுவேன். எஞ்சிய பாதியின் நடுவைப் பார்ப்பேன். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால், 1,000 சொற்களுக்கு 10 முறை பார்த்தால் போதும். 10 இலட்சம் சொற்களுக்கும் 20 முறைதான்.”

“அச்சொல் அகராதியிலேயே இல்லையென்றால்?”

அவள் சற்றுத் திகைத்தாள். “தேடுவதற்குப் பக்கமே எஞ்சாதபோது நிறுத்த வேண்டும். அதைத்தான் ஐயா அன்று எழுதாமல் விட்டேன்! நிரல் முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருந்திருக்கும்.”

வாய்விட்டுச் சொன்னபோது பிழை தானாக வெளிப்பட்டது. அன்றுமுதல் நாள்தோறும் மாலையில் வந்தாள். முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் பேசிப் பழகினாள். ஆவணியில் வேறொரு நிறுவனத்தில் அவளுக்குப் பணி கிடைத்தது.

அதற்கு முன்பே, ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல்நாளில் என் வகுப்பில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. “விடை தெரியாதவரும் எழுந்து பேசலாம். எதுவரை சிந்தித்தீர்கள் என்று சொல்லுங்கள், அங்கிருந்து சேர்ந்து செல்வோம்” என்றேன். சற்று நேரம் கழித்து, கடைசி வரிசையில் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி எழுந்தான்.