தூதனும் அவன் அறிக்கையும்

திருக்குறளின் 69ஆம் அதிகாரமாகிய தூதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். தன் உயிருக்கே இறுதி நேர்ந்தாலும் அரசனுக்கு நன்மை தேடுபவன் தூதன் என்று அவ்வதிகாரம் முடிகிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அரசனின் நன்மையும் அறமும் வேறுவேறானால் தூதன் யார் பக்கம் நிற்பான்?” என்று கேட்டாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியில் ரோஜர் கேஸ்மென்ட் நினைவுக்கு வந்தார்.

1864இல் டப்ளினை அடுத்துப் பிறந்த ஐரிஷ்காரர் அவர். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. அந்நாளில் காங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமைபோல் இருந்தது. 1903இல் ஆற்றின் வழியே உள்நாடு சென்ற கேஸ்மென்ட், ரப்பருக்காகக் கைகள் வெட்டப்பட்டோரையும் ஆளற்றுப்போன ஊர்களையும் கண்டார். மக்களின் வாக்குமூலங்களை எழுதிக்கொண்டார். 1904இல் அறிக்கையை வெளியிட்ட அரசு, பெயர்களை நீக்கிவிட்டு வெறும் எழுத்துக் குறிகளை இட்டது. கேஸ்மென்ட் கடுஞ்சினம் கொண்டார். ஆயினும் அவ்வறிக்கை வீண்போகவில்லை. 1908இல் காங்கோ மன்னரின் கையைவிட்டுப் போயிற்று.

1910இல் அமேசான் காட்டின் புட்டுமாயோவிலும் அவர் இதே கொடுமையை ஆராய்ந்து எழுதினார். 1911இல் சர் பட்டம் கிடைத்தது. 1913இல் பணியைத் துறந்து ஐரிஷ் விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். போர்க்காலத்தில் ஜெர்மனியின் உதவியை நாடிச் சென்று, 1916 ஏப்ரலில் நீர்மூழ்கியில் அயர்லாந்துக் கரை இறங்கியதும் பிடிபட்டார். அவருக்காகக் கருணை வேண்டப்பட்டபோது, அவர் எழுதியவை எனப்பட்ட நாட்குறிப்புகளின் தற்பாலுறவுப் பகுதிகளை அரசே மறைவாகச் சுற்றுக்கு விட்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் லண்டன் பென்டன்வில் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த எழுத்துக் குறிகளே. சில ஆண்டுகளுக்கு முன், விடுதி மாணவர்களின் புகார் ஒன்றை விசாரித்து அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தவறு செய்தவர் யார் என்று அறிந்திருந்தும், ‘சில குறைபாடுகள் காணப்பட்டன’ என்று எழுதினேன். செயப்பாட்டு வினையில் வினைமுதல் ஒளிந்துகொள்ளும் என்று பாடம் சொல்பவன்தான் நான்.

மறுநாள் வகுப்பில் இரண்டையும் சொன்னேன். மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த அறிக்கை இன்னும் இருக்கிறதா ஐயா?” என்றாள்.

இருக்கிறது என்றேன்.