தண்ணீருக்கு ஒரு முத்திரை

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோதே, "ஆய்வுக் கூடத்தைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே, யாரும் படிக்க மாட்டார்கள்" என்று எச்சரித்து வைத்தார்கள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். வேதியியல் முதுகலை படிக்க டில்லிக்கு வந்த நான், ஒரு தண்ணீர் வணிகருக்குச் சித்திரக்காரனாக வேலை பார்த்த கதையைச் சொல்கிறேன். கடைசியில் ஆய்வுக் கூடம் தானாகவே உள்ளே நுழைந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்லன்.

விடுதியில் இடம் கிடைக்காத தமிழ் மாணவர் மூவர், பல்கலைக் கழகத்திற்கு வடக்கே ஒரு சந்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். குளிர் காலத்தில் யமுனையில் அம்மோனியா மிகுந்துவிட்டால் வஜீராபாத் நீர்நிலையத்தில் சுத்திகரிப்பைக் குறைத்துவிடுவார்கள். அன்று அந்த ஒரு மணி நேரமும் இல்லை. எனவே குடிப்பதற்கு இருபது லிட்டர் கேன் வாங்குகிறோம். எந்தக் கம்பெனிக் கேனானாலும் இவ்வூரில் அதற்குப் பெயர் 'பிஸ்லேரி'தான். அது ஓர் இத்தாலியருடைய குடும்பப் பெயர் என்பதை இங்கே எத்தனை பேர் அறிவார்கள்? 1960-களில் பம்பாய்க்கு வந்து, 1969-இல் பார்லே நிறுவனத்தார் கைக்கு மாறி, இன்று தண்ணீருக்கே மறுபெயராகிவிட்டது. ஒரு வணிகப் பெயருக்கு இதைவிடப் பெரும்பேறு இல்லை. அதற்குத் தொல்லையும் இதைவிடப் பெரிது இல்லை. எழுத்தை முன்பின்னாக மாற்றிப் போட்ட போலிகள் ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் நின்று சிரிக்கின்றன.

எங்களுக்குக் கேன் போடுகிறவர் அறுபது வயதுப் பெரியவர். லாலாஜி என்று கூப்பிடுவோம். பாக்கி வசூலிக்க ஒரு நாள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தவர், சுவரில் சாய்த்து வைத்திருந்த நம் சங்கத்துப் பொங்கல் விழாத் தட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். கரும்பும் பானையும் நான் தீட்டியவை.

"இதை யார் எழுதினது, தம்பி?"

"நான்தான், லாலாஜி."

"எனக்கு ஒரு லோகோ போட்டுக் கொடு. மூவாயிரம் ரூபாய் தருகிறேன்."

மூவாயிரம் என்றதும் என் கண்முன் வந்தது கலை அன்று, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரக் கையில் காசில்லாமல் இருந்த சமயம். உடனே சரி என்றுவிட்டேன்.

லாலாஜிக்கு வேண்டியது என்ன என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. மலை வேண்டும், மலைமேல் பனி வேண்டும், பனி உருகி அருவியாக விழ வேண்டும், எல்லாம் நீல நிறமாக இருக்க வேண்டும், பெயர் 'லேரி' என்று முடிய வேண்டும். நான்கு நாள் இரவு உட்கார்ந்து மலை வரைந்தேன். நன்றாகவே வந்தது என்று இப்போதும் சொல்வேன்.

அதை எடுத்துக்கொண்டு கேனில் அச்சடிப்பவரிடம் போனபோதுதான் தொழில் என்பது என்னவென்று தெரிந்தது. கேன் உருண்டை, தட்டைத் தாளில் நிமிர்ந்து நிற்கும் மலை, கேனின் வளைவில் இரு பக்கமும் சரிந்து குடை போல் ஆகிவிடுகிறது. ஒரு நிறத்திற்கு ஒரு கூலி, இரண்டு நிறத்திற்கு ஏறக்குறைய இரண்டு கூலி. ஒவ்வொரு முறை கேன் திரும்பி வரும்போதும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவார்கள். மெல்லிய கோடுகள் முதலில் போய்விடும், என் அருவி ஒரு மாதத்தில் வறண்டுவிடும் என்றார் அவர். "ஓடுகிற டெம்போவில் இருபது கேன் அடுக்கியிருக்கும், எதிர்ச்சாரியில் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டும். அப்படி ஒன்று வரைந்துகொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார். நீலத்தைப் பற்றியும் ஒரு பாடம் சொன்னார். எல்லோரும் நீலம்; ஆகையால் நீலம் எவருடையதும் அன்று. பிஸ்லேரியே 2006-இல் நீலத்தை விட்டுப் பச்சைக்கு மாறியதற்கு அதுதானே காரணம்! ஓவியக் கல்லூரியில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்திருப்பார்களா என்பது ஐயமே.

அதற்குப் பிறகு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாமே என்று தோன்றியது. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். லாலாஜியின் வீட்டுக் கீழ்த்தளம்தான் ஆலை. முற்றத்தில் ஆழ்துளைக் கிணறு. அப்பால் மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, ஆர்.ஓ. என்னும் எதிர்ச் சவ்வூடு பரவல் குழல்கள், கடைசியில் புற ஊதா விளக்கு. என் பையில் இருந்த டி.டி.எஸ். அளவியை நனைத்துப் பார்த்தேன். கிணற்று நீரில் லிட்டருக்கு 1,180 மில்லிகிராம் உப்பு. ஆலையை விட்டு வெளிவரும்போது 74. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த அளவி உண்மையில் அளப்பது மின்சாரம் பாயும் திறனைத்தான். அதைப் பெருக்கி உப்பின் அளவாகக் காட்டுகிறது. கிருமி இருந்தால் அதற்குத் தெரியாது. ஆயினும் இடம் சுத்தமாக இருந்தது. சவ்வு ஒதுக்கிய உப்பு நீர் சாக்கடைக்குப் போகுமுன் சந்துப் பெண்கள் வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, தண்ணீரில் குற்றமில்லை. மலைதான் பொய். இமயம் எங்கே, அந்த முற்றம் எங்கே!

இது லாலாஜி கண்டுபிடித்த பொய்யும் அன்று. அமெரிக்காவில் மலைச் சின்னத்தோடு விற்கும் அக்வாபினாத் தண்ணீர், ஊர்ப் பொதுக் குழாய் நீரைச் சுத்திகரித்ததுதான் என்பதைப் புட்டியின் மேல் எழுத பெப்சி நிறுவனத்தார் 2007-இல் இசைந்தார்கள். நம் நாட்டுச் சட்டமும் 'மினரல் வாட்டர்' என்ற பெயரை இயற்கை ஊற்று நீருக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறது. மற்றதெல்லாம் 'அடைக்கப்பட்ட குடிநீர்'தான். ஆனால் படம் வரையக்கூடாது என்று எந்தச் சட்டமும் என் கையைப் பிடிக்கவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். நான் இராமநாதபுரம் சீமைக்காரன். எங்கள் ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர். அது குளிக்கவும் துவைக்கவும். குடிக்கிற தண்ணீருக்கு நாங்கள் 'நல்ல தண்ணி' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறோம். நான் சிறுவனாக இருந்தபோது, நான்கு குடம் வைக்கிற தள்ளுவண்டியை அம்மா தள்ள, பின்னால் நான் முட்டுக் கொடுத்துக்கொண்டு அடுத்த ஊர் ஊருணிக்குப் போவோம். கலங்கிய நீரைக் குடத்தில் விட்டு, உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பார்கள். காலையில் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். (வேதியியலில் எனக்கு வந்த முதல் வியப்பு அதுதான், பெயர் தெரிந்தது பின்னால்.) காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த பிறகும் வண்டி எங்கள் திண்ணையோரம் நிற்கிறது. ஊருணிக்கு முத்திரை ஏது? ஆனால் காவல் உண்டு. அதில் கால் நனைத்தவனை ஊரே ஏசும்.

"தண்ணிக்கு என்னத்துக்கு ராசா படம்?" என்றார் அம்மா. பிறகு, "எந்த ஊருத் தண்ணின்னு எழுதிப் போடேன். அதத்தானே நாம கேப்போம்" என்றார்.

மறுநாள் இதையே லாலாஜியிடம் போய்ச் சொன்னேன். 'நிலத்தடி நீர், தூய்மை செய்தது' என்று எழுதுவோம். நிரப்பிய தேதியும் போடுவோம் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பூமிக்குள்ளிருந்து எடுத்தது என்று எழுதினால் எவன் வாங்குவான்? முனையில் இருக்கிறானே, அவன் போட்டிருக்கிற மலை நீ வரைந்ததைவிட உயரம்!"

அரைமணி நேரம் வாதாடினோம். என் இந்தி வாதத்துக்கு ஏற்றதன்று. பாதியில் சொற்கள் தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்துபோன ஒரு நேரத்தில், பேச்சை மாற்றுவதற்காக, "உங்கள் வீட்டில் முன்பு என்ன தொழில்?" என்று கேட்டேன். தம் பாட்டனார் ஊர்ச் சாலையில் கோடைதோறும் 'பியாவு' வைத்திருந்தார் என்றார். நம் தண்ணீர்ப் பந்தல்தான். வரிசையாக மண்பானை, நீண்ட மூக்குள்ள செம்பு, வழிப்போக்கன் இரு கையையும் குவித்து வாயோடு சேர்த்துப் பிடிப்பான், பாட்டனார் ஊற்றுவார். காசு வாங்கியதில்லை. இதைச் சொல்லும்போது லாலாஜி தம் கைகளையும் அறியாமல் குவித்துக் காட்டினார்.

அங்கேயே ரசீதின் பின்புறம் வரைந்தேன். மேலே செம்பின் மூக்கு. கீழே குவிந்த இரண்டு கைகள். நடுவே ஒரே தடித்த கோடாகத் தண்ணீர். கேனின் வளைவு அதைக் கெடுக்காது. ஒரு நிறம் போதும். டெம்போ ஓடினாலும் தெரியும். நீலத்தை விட்டு மண்பானைச் சிவப்பில் போட்டோம். லாலாஜி வெகு நேரம் பார்த்திருந்தார். 'லேரி' போயிற்று; பாட்டனார் பெயரே கம்பெனிப் பெயராயிற்று. அதை இங்கே எழுதுவதற்கில்லை. 'நிலத்தடி நீர்' என்ற வரியும் இடம் பெற்றது, ஆனால் கடுகளவு எழுத்தில். பதினான்கு இலக்க உரிம எண்ணைப் பெரிதாகப் போட அவரே விரும்பினார். தேதி மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். பேசிய மூவாயிரத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு வந்தது. ஊருக்குப் போய் வந்தேன்.

திரும்பி வந்தபோது எங்கள் வட்டாரமெங்கும் என் கைகள்! 'கை மார்க் தண்ணீர்' என்றே பெயர் வழங்கிவிட்டது. நம் சங்கத்து நண்பர்கள் பலர், "நம்மாள் போட்ட மார்க்" என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு மாறியிருந்தார்கள். யாரேனும் கேட்டால் நானும் "ஆலையைக் கண்ணால் பார்த்தேன், நல்ல தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோடையின் கடைசி வாரங்களில், அடுத்த சந்தில் குடியிருக்கும் நம் முதலாண்டுத் தம்பி ஒருவன் வயிற்றுப் போக்கால் நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தான். தெருவில் தின்றதாலும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்; நினைக்க விரும்பினேன் என்பதே சரி. அவன் அறையில் நின்ற கேனில் அளவியைத் தொட்டுப் பார்த்தேன். 212. ஆலையில் 74 காட்டிய தண்ணீர், கேனுக்குள் உட்கார்ந்து உப்பை உண்டாக்கிக்கொள்ளாது. அது வேறு தண்ணீர்.

இங்கேதான் ஆய்வுக் கூடம் நுழைகிறது. 1982-இல் மஞ்சா என்பவரும் அவர் தோழர்களும் நம் நாட்டிலேயே உருவாக்கி வெளியிட்ட ஓர் எளிய சோதனை உண்டு. மருந்தில் தோய்த்த தாள்துண்டு உள்ள குப்பியில் தண்ணீரை விட்டு ஓரிரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக் கலப்போடு வரும் கிருமிகள் இருக்குமானால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி நீர் கறுத்துவிடும். கறுத்தால் அது எச்சரிக்கை. கறுக்காவிட்டால் முழு நற்சான்று என்று கொள்ளலாகாது. மூன்று குப்பி வைத்தேன். ஆலையில் நானே பிடித்தது தெளிந்திருந்தது. எங்கள் அறைக் கேன் தெளிந்திருந்தது. தம்பியின் கேனில் இருந்து எடுத்தது மறுநாள் காலை மையாக இருந்தது.

குப்பியை லாலாஜியின் மேசைமேல் வைத்தேன். அவர் அதை நெடுநேரம் தொடவில்லை. பிறகு மறைக்காமல் சொன்னார். இயந்திரம் பழைய அளவுதான் தருகிறது. கேட்பவர்கள் இரண்டு பங்காகிவிட்டார்கள். வெயில் நாளில் மதியத்துக்குமேல் கேன் கொண்டுபோகும் குத்தகைக்காரன் எங்கோ குழாயில் நிரப்பி மூடியைப் போட்டுவிடுகிறான். தமக்கு அது தெரியும், தெரியாதது போல் இருந்தார். மூடிமேல் சுருக்கும் பிளாஸ்டிக் உறை சந்தையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது.

"இவ்வளவு பேரையும் கூட்டி வந்தது நீ போட்ட கைதான், தம்பி" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அன்று.

எனக்கு மறுமொழி வரவில்லை. அன்று மாலை நம் சங்க அறிவிப்புப் பலகையில், கை மார்க் வாங்குவோர் காய்ச்சிக் குடிக்குமாறு எழுதி ஒட்டினேன். பார்த்தவர்கள் என்னைக் கேலி செய்தார்கள், செய்யட்டும். அரசாங்க முத்திரைகளின் நிலையும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அடைக்கப்பட்ட குடிநீருக்கு 2001 முதல் கட்டாயமாக இருந்த ஐ.எஸ்.ஐ. சான்று 2024 அக்டோபரில் கட்டாயம் அல்ல என்றாயிற்று. அடுத்த மாதமே அத்தண்ணீரை அதிக இடருள்ள உணவு வகையில் சேர்த்தார்கள்.

லாலாஜி குத்தகைக்காரனை நிறுத்தினார். இப்போது மூடிமேல் தேதி ரப்பர் முத்திரையும் விழுகிறது. எல்லா நாளும் அல்ல. திங்கள்தோறும் வெவ்வேறு சந்தில் ஐந்து கேனைச் சோதித்துச் சொல்வதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். குப்பிக் காசு அவருடையது. முதலாண்டுத் தம்பி தேறிவிட்டான். ஆனால் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறானே தவிர, கேனை உள்ளே விடுவதில்லை.

இதை எழுதும்போது ஐந்து குப்பிகளும் என் ஜன்னலோரம் நிற்கின்றன. முப்பது மணி நேரம் ஆயிற்று. நான்கு தெளிவாக இருக்கின்றன. ஐந்தாவதன் அடியில் தாளோரம் இலேசாகப் பழுப்பு ஏறுகிறது. அது எந்தச் சந்துக் கேன் என்று குறித்து வைத்திருக்கிறேன். விளக்கு வைத்ததும் எடுத்துக்கொண்டு லாலாஜி வீட்டுக்குப் போக வேண்டும்.