மின்விசிறியின் மீது பழி

சிக்கனம் என்னும் சொல் எமது நாட்டில் மேலிருந்து கீழ்நோக்கியே நடந்து பழகியது. கட்டளையிடுவோர் மேலே இருக்க, சுருக்கிக்கொள்ள வேண்டியோர் கீழே இருக்கின்றனர். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டபோது, நான் கற்பிக்கும் கல்லூரிக்கும் அச்சொல் தன் பழைய பாதையிலேயே வந்து சேர்ந்தது. காலை பத்து மணிவரை வகுப்பறை மின்விசிறிகளை இயக்கலாகாது என்பதே சுற்றறிக்கையின் முதற் கட்டளை. நிர்வாகக் கட்டடத்தின் குளிரூட்டிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கூரை மின்விசிறி ஏறக்குறைய 75 வாற்று மின்வலுவைக் கொள்கிறது. நடுத்தர அளவான குளிரூட்டி ஒன்று முழுமூச்சாக ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாற்றைக் கொள்கிறது. ஓர் அறையைக் குளிர்விக்கும் வலுவைக்கொண்டு 20 மின்விசிறிகளைச் சுழற்றலாம். வகுப்புக்கு நான்கு என வைத்தால் ஐந்து வகுப்பறைகள். அப்படியிருக்க, பழி யார் தலையில் விழுந்தது? வியர்வை சொட்டச் சொட்டக் குறிப்பெழுதும் பிள்ளைகளின் தலையிலன்றோ!

பெரிய கட்டடங்களின் மின்பட்டியல் வீட்டுப் பட்டியலைப் போன்றதன்று என்பதைப் பலர் அறியார். அதில் இரண்டு அளவைகள் உண்டு. ஒன்று, மாதம் முழுவதும் செலவான அலகுகள். மற்றையது உச்சக் கேள்வி. மானி ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் சராசரிக் கேள்வியைப் பதிவு செய்கிறது. அவற்றுள் மிக உயர்ந்தது எதுவோ அதற்கே, கிலோ வோல்ற் அம்பியர் ஒன்றுக்கு இத்தனை ரூபா எனத் தனிக் கட்டணம் விதிக்கப்படுகிறது. 2022 ஆகஸ்ட் உயர்வுக்கு முன்னரே அது 1,100 ரூபாவாக இருந்தது. மாதம் முழுவதும் அடக்கமாய் நடந்தாலும், ஒரேயொரு காலையில் கால் மணி நேரம் எல்லாவற்றையும் ஒருங்கே முடுக்கிவிட்டால், அந்தக் கால் மணி நேரமே அம்மாதத்தின் கேள்விக் கட்டணத்தைத் தீர்மானித்துவிடும்.

இதை உணர்ந்த பின், பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரும் நானும் மின்மானியின் முன் சில நாட்கள் காவலிருந்தோம். காலை எட்டரை மணிக்கே உச்சம் ஏறக் கண்டோம். அலுவலகம் திறந்ததும் குளிரூட்டிகள் யாவும் ஒன்றாக ஓடத் தொடங்கின. அதே வேளையில் நீர்ப்பம்பி தாங்கியை நிரப்பிக்கொண்டிருந்தது. ஆய்வுகூடத்து உலர்த்தும் அடுப்புகளும் சூடேறிக்கொண்டிருந்தன. பம்பியைக் கவனிக்கும் தொழிலாளியிடம் நேரத்தை மாற்றலாமா என்று வினவினோம். "இரவுக் கடமையில நிக்கிற நானே விடியக் காலமை இறைச்சு விடுவன், சேர். இவ்வளவு காலமும் எங்களை ஆர் கேட்டவை?" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த நிர்வாக அறிவு சுற்றறிக்கையில் இருக்கவில்லை.

மோட்டர் தொடங்கும் கணத்திற் பாயும் பெருமின்னோட்டமே உச்சத்துக்குக் காரணம் எனச் சிலர் கருதுவர். அது பெரும்பாலும் பிழை. 15 நிமிடச் சராசரியில் சில விநாடிகளின் பாய்ச்சல் கரைந்துபோகும். பல இயந்திரங்கள் ஒரே வேளையில் தொடர்ந்து ஓடுவதே உச்சத்தை உயர்த்துகிறது. ஆதலால் பரிகாரமும் எளிது. விடியுமுன் நீரிறைத்தல், குளிரூட்டிகளைக் கால் மணி இடைவெளிவிட்டுப் பகுதி பகுதியாக இயக்குதல், அறைகள் குளிர்ந்து அவற்றின் சுமை தணிந்த பின் ஆய்வுகூட அடுப்புகளை மூட்டுதல், மின்வெட்டு நீங்கியதும் எல்லா ஆளிகளையும் ஒருங்கே போடாதிருத்தல். இவற்றுக்குப் பெரும் முதல் வேண்டியதில்லை. வலுக்காரணி குன்றிய இடத்துக் கொள்ளளவிகளைப் பொருத்தச் சிறிது பணம் வேண்டும், அவ்வளவே. 30 கிலோ வோல்ற் அம்பியர் குறைந்தால், அந்தப் பழைய 1,100 ரூபாக் கணக்கிலேயே மாதம் 33,000 ரூபா, ஆண்டுக்கு 3,96,000 ரூபா மிஞ்சும். ஒரு நூலகத்துக்கு அது எத்தனை நூல்கள்!

எங்கள் யோசனை உடனே ஏற்கப்படவில்லை. "எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தானே வெக்கை" என்றார் ஓர் அதிகாரி. எனினும் பம்பியின் நேரம் மாறிற்று. பின்னர் குளிரூட்டிகளின் முறையும் மாறிற்று. பட்டியலில் உச்சம் இறங்கியது கண்டபின் மின்விசிறித் தடையும் ஓசையின்றி மறைந்தது.

இது ஒரு கல்லூரியின் கணக்கு மாத்திரமன்று. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான நேரத்தையே கட்டண அட்டவணை உச்சவேளை என வகுத்து வந்துள்ளது. நீர்வலு போதாதபோது விலையுயர்ந்த எண்ணெயை எரித்து அவ்வேளையைச் சமாளிக்கிறோம். ஏழை வீட்டுப் பிள்ளை மின்விளக்கின் கீழ் புத்தகம் விரிப்பதும் அதே வேளையிற்றான். 2023 ஜனவரியில் உயர்தரப் பரீட்சை தொடங்கிய நாட்களிலும் நாளுக்கு 2 மணி 20 நிமிடம் மின் தடைப்பட்டதை அப்பிள்ளைகள் மறந்திரார். விடுதிப் பம்பிகளும் சலவை இயந்திரங்களும் அந்நேரம் ஓய்ந்திருப்பது, முகமறியாத அந்த மாணவருக்கு நாம் செய்யும் தோழமை.

1945இல் இலவசக் கல்வி இந்நாட்டு மக்களின் உரிமையாயிற்று. அதற்கான செலவைச் சுருக்குவது தவறன்று. ஆனால் சிக்கனம் எங்கே தொடங்கவேண்டும் என்பதை அதிகாரத்தின் வசதி தீர்மானிக்கலாகாது; மானியின் கணக்கும், இயந்திரத்தோடு நாள்தோறும் பழகும் தொழிலாளியின் அறிவுமே தீர்மானிக்கவேண்டும். வகுப்பறை இருளாமலும் புழுங்காமலும் கட்டணத்தைக் குறைக்க வழி உண்டு. அவ்வழியை நாடாமல் முதலில் மாணவனின் காற்றை நிறுத்துவது சிக்கனமாகாது, அநீதியே ஆகும்.