பெஸ்காராவில் எட்டு நாள்

ரயில்வே குமாஸ்தாவுக்கு இத்தாலி எதற்கு என்று நாகபுரியில் எங்களைக் கேட்காதவர் இல்லை. பாஸில் போய்வரும் தூரமா அது என்று அலுவலக நண்பர்கள் நகைத்தனர். நகைப்பு நியாயமானதே. எங்கள் பாஸ் அரபிக் கடலைத் தாண்டாது. ஆறு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டுதான் 2024 செப்டம்பரில் நாங்கள் மூவர், கணவன் மனைவியாகிய நாங்களும் எங்கள் தாயாரும், அந்நாட்டின் கிழக்குக் கடற்கரைக்குச் சென்று மீண்டோம். அப்பயணத்தை எவ்வாறு திட்டமிட்டோம் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வது பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

காரணத்தை முதலில் கூறிவிடுவோம். எங்கள் தாயாரின் பிறந்தகம் வேலூரை அடுத்த ஒரு சிற்றூர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர் அது. தாயாரின் பாட்டனார் இரண்டாம் உலகப் போரில் பொறியாளர் படையில் சேர்ந்து கப்பலேறியவர், திரும்பவில்லை. ஒரு தகரப் பெட்டியில் பழுப்பேறிய ஆங்கிலக் கடிதம் ஒன்று மட்டும் இருந்தது. இத்தாலி என்ற ஒரு சொல்லுக்கு மேல் அதில் இடக்குறிப்பு இல்லை. அவருடைய மனைவியாரின் மடியில் வளர்ந்தவர் எங்கள் தாயார். "எந்த மண்ணில் எரித்தார்களோ" என்று அந்த மூதாட்டி கூறிக்கொண்டே இருந்து கண்மூடினாராம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் போரில் மாண்டவர்களின் பெயர்ப் பதிவேட்டை யாவரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர், படை எண், படைப்பிரிவு இவற்றைக் கொண்டு தேடலாம். கடிதத்தில் கண்ட எண்ணை வைத்துத் தேடியபோது, அட்ரியாட்டிக் கடலோரம் அப்ருட்சோ மாநிலத்தில், சாங்ரோ நதிக் கல்லறைத் தோட்டத்திலுள்ள தகன நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் இருப்பது தெரிந்தது. தாயார் அன்று இரவு உண்ணவில்லை. மறுநாள் காலை, "நான் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு வயது 62. இரு முழங்கால்களிலும் வலி. இவ்விரண்டையும் மறந்து நாங்கள் வகுத்த முதல் திட்டத்தை நினைத்தால் இப்போதும் நாணமாக இருக்கிறது. அவ்வளவு தொலைவு போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா என்ற ஆசை. மிலான், வெனிஸ், பிளாரன்ஸ், ரோம், அதன்பின் கல்லறைத் தோட்டம் என எட்டு நாளில் ஐந்து இடங்கள். கால அட்டவணையைப் புரட்டியே பழகிய எங்களுக்கு அத்திட்டம் மிக அழகாகவே தோன்றியது. ஒரு வண்டி போய் மறு வண்டி வரும் இடைவெளிகூடக் குறித்திருந்தோம்.

அதைப் படித்துக் காட்டியதும் தாயார் கேட்டார்: "ஏம்பா, இது யாத்திரையா, மாற்றல் உத்தரவா?"

எங்கள் தந்தையாரும் ரயில்வேயில் இருந்தவர். மாற்றலுக்கு மாற்றல் ஏழு முறை வீடு கட்டிப் பிரித்தவர் தாயார். சாமான் கட்டுவது என்றால் என்ன, புது ஊரில் முதல் நாள் உப்பு எங்கே கிடைக்கும் என்று அலைவது என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு கேள்வியில் எங்கள் அட்டவணை கிழிந்தது. ஒரே ஊரில் ஒரு வீடு எடுத்து, ஒரே சாவியை வைத்துக்கொண்டு, காலையில் போய் மாலையில் திரும்புவது என்று முடிவு செய்தோம்.

எந்த ஊர்? மூன்று விதிகள் வகுத்தோம். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடியதாக இருக்க வேண்டும். பார்க்க விரும்பும் இடங்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள், வண்டி மாறாமல் போய்ச் சேரத்தக்கவையாக இருக்க வேண்டும். நாள்களில் பாதியை எழுதாமல் வெறுமையாக விட வேண்டும். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது மூன்றுக்கும் பொருந்தி நின்றது பெஸ்காரா. 1863ஆம் ஆண்டிலேயே கடலோர ரயில் பாதை வந்து சேர்ந்த ஊர். நிலையத்திலிருந்து கடல் சில நிமிட நடை. மேடு பள்ளமில்லாத சமதளம். முழங்கால் வலிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மலைமேல் அமைந்த பேரழகுக் கிராமங்கள் அப்பக்கத்தில் பல உண்டு. ஆனால் படிக்கட்டே அவற்றின் தெரு.

ஒரே வீடு என்பதால் முன்னேற்பாடுகளும் எளிதாயின. விசா மனுவுடன் ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவோம் என்பதற்குச் சான்று தர வேண்டும். எங்களுக்கு ஒரே தாள் போதுமாயிற்று. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து மனுச் செய்யலாம். 15 நாளுக்குக் குறைந்து செய்யலாகாது. கட்டணம் தலைக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அரசு ஊழியராதலால் அலுவலகத் தடையின்மைச் சான்றும் வேண்டியிருந்தது. அந்த ஒரு தாளுக்கு மற்றெல்லாவற்றையும் விட அதிக நாள் காத்திருந்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வீட்டைத் தேர்ந்தபோது நாங்கள் கேட்டவை இரண்டே: லிப்ட் உண்டா, அடுப்பு உண்டா. இரண்டும் இருந்தன. சாம்பார்ப் பொடி, புளி, பெருங்காயம் ஆகியவை பெட்டியில் ஏறின. பால் பொருள்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே நெய்ப் புட்டி நாகபுரியிலேயே நின்றுவிட்டது. அரிசிக்குக் கவலையில்லை. இத்தாலியின் வடபுலத்தில் நெல் விளைகிறது. சற்றே உருண்ட அரிசி. குழைத்து வடித்தால் தயிர்ச் சோற்றுக்கு நன்றாகவே இருக்கிறது. கொண்டைக்கடலை, கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கடைவீதியில் கிடைத்தன. சைவ உணவினர் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்நாட்டுப் புகழ்பெற்ற பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே செய்கிறார்கள். அது தூவாமல் தரும்படி முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மும்பை வழியாக விமானத்தில் மிலான் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ரயிலில் தெற்கே வந்தோம். பாதிக்குமேல் கடல் கூடவே வருகிறது. தாயார் சன்னலை விட்டுத் திரும்பவில்லை. வண்டியைப் பற்றி ஓரிரு சொல் எழுதாவிட்டால் நாங்கள் ரயில்வேக்காரர் அல்ல. விரைவு வண்டிகளில் இருக்கை எண் உண்டு. முன்னதாக வாங்கினால் பெரும்பாலும் கட்டணம் குறைவு. உள்ளூர்ப் பயணத்துக்கான வட்டார வண்டிகளில் இருக்கைப் பதிவு இல்லை. கட்டணம் என்று வாங்கினாலும் ஒன்றே. எனவே நாளைக்குப் போவதா என்பதை நாளைக்கே தீர்மானிக்கலாம். ஆனால் காகித டிக்கெட்டை ஏறுமுன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் செருகி முத்திரையிட வேண்டும்; மறந்தால் அபராதம். நிலையங்களில் புறப்பாட்டு அட்டவணை மஞ்சள் தாளிலும், வருகை அட்டவணை வெள்ளைத் தாளிலும் ஒட்டியிருக்கிறது. மஞ்சளை மட்டும் பார்த்தால் வழி தவறாது.

முதல் முழு நாளைக் கடற்கரைக்கும் கடைவீதிக்கும் விட்டோம். இரண்டாம் நாள் ஒர்த்தோனா; வட்டார வண்டியில் அரைமணிக்குள். சென்னையை அறிந்த எவரும் அவ்வூரைத் தவறவிடக் கூடாது. மயிலாப்பூரில் சாந்தோம் ஆலயம் எந்தத் தோமையாரின் பெயரால் நிற்கிறதோ, அதே தோமையாரின் எலும்புகள் என்று போற்றப்படுபவை ஒர்த்தோனாப் பேராலயத்தின் நிலவறையில் உள்ளன. சென்னையில் அவர் உயிர் நீத்ததாகவும், எலும்புகள் எதெஸ்ஸாவுக்கும் பின் கியோஸ் தீவுக்கும் சென்றதாகவும் மரபு கூறும். கியோஸிலிருந்து 1258ஆம் ஆண்டில் ஒர்த்தோனாக் கப்பல்கள் அவற்றைக் கொண்டுவந்தன. 1943 டிசம்பரில் கனடியப் படைக்கும் ஜெர்மானியருக்கும் தெருத்தெருவாக நடந்த சண்டையில் அவ்வூர் நொறுங்கியது, பேராலயமும் இடிந்தது, போருக்குப்பின் மீண்டும் எழுப்பினார்கள். நாங்கள் வேற்றுச் சமயத்தினர். எனினும் அந்நிலவறையில், "நம்ம மெட்ராஸிலிருந்து இங்கே வந்தவர் நம் தாத்தா மட்டும் இல்லை" என்று தாயார் மெல்லச் சொன்னபோது, நாங்கள் பதில் பேசாது நின்றோம்.

மூன்றாம் நாளைத்தான் கல்லறைத் தோட்டத்துக்கென வைத்திருந்தோம். முதல் நாள் மாலை நிலையத்தில் ஓர் அறிவிப்பு: மறுநாள் ரயில் வேலைநிறுத்தம். அந்நாட்டில் இது அரிதன்று. வேலைநாள்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட சில வட்டார வண்டிகள் ஓடும் என்ற உறுதி மட்டும் உண்டு. தொழிலாளர் பக்கத்தில் நின்று பழகிய எங்களுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் நெஞ்சு திக்கென்றது. எங்கள் பழைய அட்டவணைப்படி வந்திருந்தால், கல்லறைத் தோட்டத்துக்கென வைத்திருந்த கடைசி ஒரு நாள் அத்தோடு போயிருக்கும். ஆறாண்டுச் சேமிப்பும் தாயாரின் ஒரே ஆசையும் ஒரு மஞ்சள் தாளின் முன் தோற்றிருக்கும். இப்போதோ, வீட்டுக்குத் திரும்பி ரசம் வைத்தோம்.

அதுவும் நல்லதற்கே. ஒர்த்தோனா மேட்டில் ஏறியதில் தாயாரின் வலது முழங்கால் வீங்கியிருந்தது. இரண்டு நாள் அவர் படுத்திருந்தார். ஊர் மாறும் பயணத்தில் அவ்வீக்கத்தோடு அவரைப் பெட்டிகளுக்கிடையில் இழுத்திருப்போம். இரண்டாம் நாள் அவரே எங்களை வெளியே துரத்த, அரைநாள் மட்டும் சான் வீத்தோ சென்றோம். அக்கரையோரத்தில் திரபோக்கி என்னும் மீன்பிடி மேடைகள் நிற்கின்றன. கடலுக்குள் மரக்கால் ஊன்றி, நீண்ட கழிகளில் வலையைத் தொங்கவிட்டு இறக்கி ஏற்றுவார்கள். கொச்சியின் சீனவலையைப் பார்த்தவருக்கு அதன் தமையன் என்றே தோன்றும். சில இப்போது உணவு விடுதிகளாகிவிட்டன. அவற்றை ஒட்டியே பழைய ரயில் பாதை. 2005ஆம் ஆண்டளவில் தடத்தை உள்நாட்டுப் பக்கம் மாற்றிவிட்டு, ஒர்த்தோனாவிலிருந்து வாஸ்தோ வரை சுமார் 42 கிலோமீட்டருக்கு மிதிவண்டிப் பாதையாக ஆக்கியிருக்கிறார்கள். வண்டி ஓடிய சுரங்கத்துக்குள் குழந்தைகள் மணியடித்துக்கொண்டு மிதிவண்டியில் போகிறார்கள். தண்டவாளம் பெயர்த்த இடத்தைக் கண்டால் எங்களுக்கு வழக்கமாகத் துக்கம் வரும், அங்கே வரவில்லை.

அதற்கடுத்த நாள் தாயார் கோலூன்றி எழுந்தார். பொசாசேசியா–தொரினோ தி சாங்ரோ நிலையத்தில் இறங்கி, முன்னரே பேசி வைத்திருந்த வாடகைக் காரில் மேடேறினோம். ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிய சரிவில் வரிசை வரிசையாக 2,600க்கும் மேற்பட்ட வெண்கற்கள். 1943 நவம்பரில் எட்டாம் இந்தியப் படைப்பிரிவு உள்ளிட்ட சேனைகள் இந்தச் சாங்ரோவைக் கடந்தன. மழையால் ஆறு பெருகிப் பாலங்களை அடித்துச் செல்ல, பொறியாளர் படையினர் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். எரியூட்டப்பட்ட இந்திய வீரர் 500க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தகன நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

பெயரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆங்கில எழுத்து, தாயாருக்கு வாசிக்க வராது. நாங்கள் உரக்கப் படித்தோம். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு ஒவ்வோர் எழுத்தின்மீதும் விரலை வைத்து, "இது என்ன எழுத்து, இது என்ன எழுத்து" என்று கேட்டுக்கொண்டே கடைசி எழுத்துவரை வந்தார். அழவில்லை. வாயிலருகே வருகையாளர் ஏடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் தம் பெயரையும், தம் ஊரின் பெயரையும், "பேத்தி" என்ற சொல்லையும் தமிழில் எழுதினார். நெடுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். அடுத்த ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு இல்லை.

ஏழாம் நாள் வாஸ்தோ போகலாமா என்று கேட்டோம். வேண்டாம், கடற்கரையில் உட்காரலாம் என்றார். உட்கார்ந்தோம். எட்டாம் நாள் சாவியை ஒப்படைத்துவிட்டு மிலான் வண்டி ஏறினோம். ஒரே ஒரு முறைதான் சாமான் கட்டினோம்.

ரோமைப் பார்க்கவில்லையா, வெனிஸைப் பார்க்கவில்லையா என்று இன்றும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. எங்களுக்கும் அதில் சிறிது குறை உண்டுதான். இல்லையென்று சொன்னால் பொய்யாகும். ஆயினும் குறைந்த பணமும் குறைந்த நாளும் முதியோரும் உடன் இருக்கும் குடும்பத்துக்கு, பல ஊரைத் தொட்டு வருவதைவிட ஓர் ஊரில் குடியிருந்து வருவதே மேல் என்பது எங்கள் அநுபவம். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் அடுப்பு மூட்டி அதையே வீடாக்கிக்கொண்ட நம்மவர்க்கு, எட்டு நாளுக்கு அதைச் செய்வது பெரிய வித்தையன்று.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் போருக்குப் போய் மீளாத முன்னோர் உடையவர் சிலரேனும் இருக்கக்கூடும். பழைய கடிதமோ, படை எண்ணோ, பதக்கமோ வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில்தான் இருப்போம். எடுத்து வாருங்கள், பதிவேட்டில் சேர்ந்து தேடுவோம்.